மன்றோ முதல் காந்தி வரை: சிலை நடைக்கான குறிப்பில் எந்த ஆண்டை எழுதுவது?

வழித்துணை கேட்டது:

வணக்கம். வரலாறு படிக்கும் கல்லூரி மாணவர்கள் முப்பது பேருக்குச் சென்னையில் ஒரு சிலை நடை ஏற்பாடாகிறது. தீவுத்திடல் மன்றோ சிலை, கோட்டை, நேப்பியர் பாலம், உழைப்பாளர் சிலை, 1968 உலகத் தமிழ் மாநாட்டுச் சிலைகள், காந்தி சிலை, கலங்கரை விளக்கம் என்பது வரிசை. காலை 6 மணிக்குக் கிளம்பத் திட்டம். கையில் கொடுக்க நான்கு பக்கக் குறிப்பு தயாராகிறது. அதில் சில இடங்களில் முட்டி நிற்கிறது.

முதலாவது, ஒரே சிலைக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வோர் ஆண்டு போட்டிருக்கிறார்கள். எதை எடுப்பது? இரண்டாவது, மன்றோ சிலையில் அங்கவடி (குதிரைமேல் அமர்பவர் கால் வைக்கும் வளையம்) இல்லாததைக் கவனித்த சிற்பி மனமுடைந்து உயிரை விட்டார் என்ற கதை. அதைச் சேர்க்கலாமா? மூன்றாவது, இடம் மாறிய சிலைகளையும் அகற்றப்பட்ட சிலைகளையும் எப்படிச் சொல்வது? அரசியல் சண்டையாகிவிடக் கூடாது. நான்காவது, நடைக்கு முன்னால் சில சிலைகளைக் கழுவிச் சுத்தம் செய்யலாம் என்று மாணவர்களே முன்வருகிறார்கள். பச்சை பிடித்த இடங்களை எதைக் கொண்டு தேய்ப்பது? கடைசியாக, சுவரோவியங்களையும் இதில் சேர்க்கலாமா?

ஏட்டுக்கட்டு பதில்:

ஆண்டுக் குழப்பத்துக்குக் காரணம் எளிது. ஒவ்வொருவரும் வேறு வேறு நிகழ்வின் தேதியை எடுத்துப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் ‘அமைக்கப்பட்ட ஆண்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு சிலைக்குக் குறைந்தது நான்கு தேதிகள் உண்டு: சிலை வைக்க முடிவான தேதி, சிற்பி செய்து முடித்த தேதி, திறப்பு விழாத் தேதி, இப்போது நிற்கும் இடத்துக்கு வந்த தேதி. கட்டடம் என்றால் அடிக்கல் தேதியும் சேரும். ரிப்பன் மாளிகைக்கு 1909 என்றும் 1913 என்றும் இரண்டு ஆண்டுகள் சொல்வார்கள். இரண்டும் சரிதான். 1909 டிசம்பரில் அடிக்கல், 1913 நவம்பரில் திறப்பு.

உங்கள் வழியிலேயே உதாரணம் இருக்கிறது. சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ இறந்தது 1827. சிலை கப்பலில் சென்னை வந்தது 1838. திறந்தது 1839. இந்த மூன்றில் எதை எழுதினாலும் அது எந்த நிகழ்வின் ஆண்டு என்று கூடவே ஒரு சொல் போடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

நேப்பியர் பாலத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். கூவம் கடலில் கலக்கும் இடத்தில், ஆளுநர் பிரான்சிஸ் நேப்பியர் காலத்தில், 1869இல் கட்டியது இரும்புப் பாலம். இன்று நாம் பார்க்கும் வில் வளைவுக் கான்கிரீட் பாலம் 1940களில் திருப்பிக் கட்டியது. பக்கத்தில் அதே தோற்றத்தில் இருக்கும் இன்னொன்று அதற்கும் வெகுகாலம் பின்னால் வந்தது. ‘1869இல் கட்டிய பாலம் இதோ’ என்று கைகாட்டினால் மாணவர்கள் கான்கிரீட்டைப் பார்த்துக்கொண்டு இரும்பைப் பற்றிக் கேட்பார்கள்.

பீடத்தில் இருக்கும் கல்வெட்டை நம்பலாமா என்றால், திறந்தவர் பெயருக்கும் தலைமை தாங்கியவர் பெயருக்கும் நம்பலாம். சிற்பியின் பெயர் பெரும்பாலும் அதில் இருக்காது. வேறொரு சிக்கலும் உண்டு. பீடத்தைப் புதுப்பித்துப் பளபளப்பான கிரானைட் பலகை ஒட்டும்போது பழைய கல்வெட்டு உள்ளே போய்விடும், அல்லது எடுத்துப் போடப்படும். புதிய பலகையில் புதுப்பித்த தேதி பெரிய எழுத்தில் இருக்கும். எழுத்து வெட்டிய விதத்தைப் பாருங்கள். கையால் உளி வைத்து வெட்டிய எழுத்தின் பள்ளம் ஆங்கில ‘வி’ போலச் சரிந்திருக்கும், ஓரங்கள் ஒரே சீராக இருக்காது. இயந்திரத்தால் மணலை வீசியடித்துச் செய்த எழுத்தின் அடி தட்டையாகச் சொரசொரப்பாக இருக்கும். அப்படி இருந்தால் பலகை பிற்காலத்தது என்று ஊகிக்கலாம்.

சரிபார்க்கப் போக வேண்டிய இடங்கள்: எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கல்லூரித் துறைத் தலைவரின் கடிதமும் அடையாள அட்டையும் எடுத்துப் போங்கள். வெறுமனே ‘சிலை பற்றிய கோப்பு’ என்று கேட்டால் கிடைக்காது. துறைப் பெயர், அரசாணை எண், நாள் ஆகிய மூன்றும் வேண்டும். ஆண்டு தெரியாவிட்டால் அந்தந்த ஆண்டின் அரசாணைப் பொருளடக்கத்தில் துறைவாரியாகத் தேட வேண்டும். சாலையோரச் சிலை என்றால் மாநகராட்சி மன்றத் தீர்மானத்தையும் பாருங்கள். பழைய தமிழ் இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம். வீட்டிலிருந்தே தேட, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உதவும்.

நாளிதழைப் பார்க்கும்போது ஒரு நாள் தவறுவது மிகவும் சகஜம். உழைப்பாளர் சிலை 1959 ஜனவரி 25, குடியரசு தினத்துக்கு முந்தைய நாள், நிறுவப்பட்டது. செய்தி மறுநாள் இதழில்தான் வரும். இதழின் தேதியை அப்படியே எடுத்து எழுதினால் குடியரசு தினத்தன்று வைத்த சிலையாக அது மாறிவிடும். பிறகு அதை நாலு பேர் நகலெடுப்பார்கள்.

அங்கவடி பதில்:

மன்றோ கதையைச் சேருங்கள். ஆனால் கதையாகவே சேர்த்து, ஏன் அது நிற்காது என்பதையும் அங்கேயே காட்டுங்கள். மாணவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. அவர் கையில் உருவான குதிரைமேல் அமர்ந்த பெரிய சிலைகள் மூன்று: இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ், இலண்டன் ராயல் எக்ஸ்சேஞ்ச் முன்னால் வெலிங்டன், சென்னையில் மன்றோ. மூன்றிலும் சேணம் இல்லை, அங்கவடியும் இல்லை. மூன்று முறை ஒருவர் ஒன்றையே மறக்க மாட்டார். பழைய ரோமானிய வெண்கலங்களில் வீரர்கள் அங்கவடி இல்லாமல்தான் அமர்ந்திருப்பார்கள். சான்ட்ரி அந்த மரபைத் தெரிந்தே எடுத்துக்கொண்டிருக்கிறார். இன்னொன்று, மன்றோ சிலையைச் சென்னையில் திறந்தது 1839, சான்ட்ரி இறந்தது 1841. சிலையைக் கப்பலேற்றிவிட்டு உயிரைவிட்ட கதைக்கு இங்கே இடமே இல்லை. அவர் இறந்த பிறகு வெலிங்டன் சிலையை அவருடைய உதவியாளர் ஹென்றி வீக்ஸ் முடித்துக்கொடுத்தார்.

கூடவே குதிரைக் கால் கணக்கையும் யாராவது கிளப்புவார்கள். ஒரு கால் தூக்கியிருந்தால் காயம்பட்டு இறந்தவர், இரண்டு கால் தூக்கியிருந்தால் போரில் இறந்தவர், நான்கும் தரையில் என்றால் இயற்கை மரணம் என்று. மன்றோவின் குதிரை நான்கு காலையும் ஊன்றி நிற்கிறது. அவர் காலராவில் இறந்தவர். ஆகவே கணக்கு பொருந்துவதுபோலத் தோன்றும். நான்காம் ஜார்ஜின் குதிரையும் அப்படித்தான் நிற்கிறது. காரணம் சிற்பியின் பாணி. நின்ற குதிரைக்கு எடை நான்கு காலிலும் பிரிந்து இறங்கும், வார்ப்பிலும் நிலைநிறுத்துவதிலும் சிக்கல் குறைவு. சிலை செய்தவர்கள் எல்லோரும் கூடி ஒப்புக்கொண்ட விதி என்று எதுவும் கிடையாது.

நடைமுறைக்கு ஒன்று. சிலை இப்போது வாகனங்கள் ஓடும் சாலையின் நடுவே இருக்கிறது. முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு குறுக்கே போகாதீர்கள். தீவுத்திடல் பக்க நடைபாதையில் நின்றே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். கண்ணுக்கு எட்டாததைக் காட்ட ஒரு பைனாகுலர் போதும். இரண்டு பேராக மாற்றி மாற்றிப் பார்க்கட்டும். சேணத்துக்குப் பதிலாக விரிப்பு இருப்பதையும், கால்கள் பிடிப்பில்லாமல் தொங்குவதையும் அவர்களாகவே கண்டுபிடிக்க விடுங்கள்.

கோட்டைவாசல் பதில்:

இடம் மாறியவற்றைச் சொல்லாமல் சென்னைச் சிலைகளின் வரலாறே இல்லை. சண்டை வராமல் சொல்லவும் வழி இருக்கிறது. எங்கே இருந்தது, எப்போது நகர்ந்தது, யார் உத்தரவு, இப்போது எங்கே என்று வரிசையாக எழுதுங்கள். ‘தூக்கி எறிந்தார்கள்’, ‘மீட்டெடுத்தார்கள்’ போன்ற வினைச்சொற்களை விட்டுவிடுங்கள்.

திப்பு சுல்தானோடு போரிட்ட ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் காரன்வாலிஸிலிருந்து தொடங்குங்கள். தாமஸ் பேங்க்ஸ் செய்த பளிங்குச் சிலை, 1800இல் சென்னைக்கு வந்தது. பீடத்தில் திப்பு சுல்தானின் மகன்களைப் பிணையாகப் பெறும் காட்சி புடைப்பாகச் செதுக்கியிருக்கும். அந்தக் காட்சிக்கு முன்னால் சற்று நேரம் நில்லுங்கள். திப்புவோடு செய்த 1792 உடன்படிக்கையை, போரில் வென்றவர்கள் எப்படி நினைவில் வைத்துக்கொள்ள விரும்பினார்கள் என்பது ஒரே பார்வையில் தெரியும். முதலில் கோட்டைக்குள் அணிவகுப்புத் திடலில் இருந்தது. பிறகு கோட்டைக்கு வெளியே பென்டிங்க் கட்டடத்துக்கும், அங்கிருந்து கன்னிமாரா நூலகத்துக்கும் போய், 1950 வாக்கில் கோட்டை அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. அதே காரன்வாலிஸுக்குத் தேனாம்பேட்டைப் பக்கம் எழுப்பிய நினைவு மண்டபம் (ஆங்கிலத்தில் செனடாப்) அங்கே இல்லை, செனடாப் ரோடு என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

அடுத்து நீல் சிலை. 1857 எழுச்சியை ஈவிரக்கமின்றி அடக்கி, லக்னோவில் கொல்லப்பட்ட கர்னல் ஜேம்ஸ் நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927இல் அதை அகற்றச் சொல்லி சத்தியாக்கிரகம் நடந்தது, பலர் சிறைக்குப் போனார்கள். பத்து ஆண்டு கழித்து, 1937இல், ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகு அதை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு மாற்றினார்கள். சிலையை உடைக்காமல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனது மிக நல்ல முடிவு. இன்றும் நேரில் பார்த்துப் பேச முடிகிறது. உங்கள் வழியில் இது இல்லை, ஆனாலும் குறிப்பில் ஒரு பத்தி கொடுத்தே ஆக வேண்டும்.

மெரினாவுக்கு வந்தால் கண்ணகி. 1968இல் வைத்தது, 2001 டிசம்பரில் பீடத்தில் லாரி மோதியதாகக் காரணம் சொல்லி அகற்றப்பட்டது, 2006 ஜூனில் மறுபடியும் மெரினாவில் நிறுவப்பட்டது. சிவாஜி கணேசன் சிலை 2006 ஜூலையில் கடற்கரைச் சாலையில் ராதாகிருஷ்ணன் சாலைச் சந்திப்பில் திறக்கப்பட்டது, போக்குவரத்துக்கு இடையூறு என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதால் 2017 ஆகஸ்டில் அடையாற்றில் உள்ள மணிமண்டபத்துக்குப் போனது.

கருணாநிதி சிலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மவுண்ட் ரோட்டில் இருந்தது 1987இல் எம்ஜிஆர் மறைவை ஒட்டிய கலவரத்தில் உடைக்கப்பட்டது. 2022 மே 28 அன்று ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் திறந்தது 16 அடி உயர வெண்கலச் சிலை. அது வேறு சிலை, வேறு இடம். இரண்டையும் ஒன்றாக்கி ‘மீண்டும் வைக்கப்பட்டது’ என்று எழுதாதீர்கள்.

புதிய சிலைகள் ஏன் சாலை முனையை விட்டு வளாகங்களுக்குள் போகின்றன என்று மாணவர் யாராவது கேட்டால் பதில் இது: 2013 ஜனவரி 18இல் உச்ச நீதிமன்றம், பொதுச் சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. ஓமந்தூரார் தோட்டத்தைப் பார்த்தோம். 2023 நவம்பரில் வி.பி. சிங் சிலையை மாநிலக் கல்லூரி வளாகத்துக்குள் வைத்ததும் அதன் பிறகுதான். உங்கள் நடை அந்தக் கல்லூரியைக் கடந்துதான் போகிறது. சாலையிலிருந்தே உ.வே.சா. சிலையையும் காட்டலாம்.

கடைசியாக ஒன்று. கோட்டை அருங்காட்சியகம் இருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடியில்தான் சென்னையின் முதல் கலங்கரை விளக்கு 1796இல் எரிந்தது. இரண்டாவது, 1844இல் வந்த, பழைய கிரேக்கப் பாணியிலான டோரிக் தூண், உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிறது. மூன்றாவது உயர் நீதிமன்றக் கோபுர உச்சியில், 1894இல். நான்காவது 1977இல் மெரினாவில் திறந்த முக்கோண வடிவக் கட்டடம். ஆக, உங்கள் நடை முதல் விளக்கின் அருகே தொடங்கி நான்காவதில் முடிகிறது. வழியைத் தேர்ந்தெடுத்தபோது இதை யோசித்தீர்களோ என்னவோ, குறிப்பில் கட்டாயம் சேருங்கள்.

களிம்பு பதில்:

கழுவும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் ஒரு நாள் தேய்ப்பில் போகும் மேற்பரப்பு திரும்ப வராது.

வெண்கலத்தில் வரும் பச்சை இரண்டு வகை. கெட்டியாக, மெல்லிய படலமாக, விரலில் ஒட்டாமல் இருப்பது நிலைத்த களிம்பு. அது உலோகத்துக்குக் காவல். வெளிறிய பச்சையில், மாவு மாதிரி, புள்ளி புள்ளியாகக் கிளம்பி, தொட்டால் உதிர்வதுதான் ஆபத்து. அதற்கு வெண்கல நோய் என்று பெயர். கடற்காற்றிலுள்ள உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாக அடியில் உட்கார்ந்திருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்ததும் அது பச்சை மாவாக மாறி, கூடவே அமிலத்தை வெளியிடும். அந்த அமிலம் புதுச் செம்பை அரித்து மறுபடி குளோரைடாக்கும். தானே தொடரும் சுழற்சி. மெரினாவில் உப்புக்கும் குறைவில்லை, ஈரத்துக்கும் குறைவில்லை. மேலே இருக்கும் மாவை மட்டும் தேய்த்து எடுத்தால் அடியில் இருப்பது அப்படியே இருக்கும்.

கறையை வைத்துக் காரணம் சொல்லலாம். வெள்ளைக் கோடுகள் தலையிலிருந்தும் தோளிலிருந்தும் இறங்கினால் பறவை எச்சம். சிலையும் பீடமும் சேரும் இடத்தில் வெள்ளை கசிந்தால், சிமெண்டுச் சாந்திலிருந்து சுண்ணாம்பு கரைந்து வருகிறது. பழுப்புக் கோடு கால் இடுக்கிலோ அடியிலோ தெரிந்தால் உள்ளே விட்டுவைத்த இரும்புக் கம்பி துருப்பிடிக்கிறது என்று பொருள். சிலையின் அடியில் மழைநீர் வடிய விட்ட சிறு துளைகள் சாந்தாலோ பெயிண்டாலோ அடைபட்டிருந்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். பீடத்தைப் புதுப்பிக்கும்போது இந்தத் துளையைப் பூசி அடைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

முறையான பராமரிப்பு என்னவென்று மாணவர்களுக்குச் சொல்லலாம். பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் முதலில் எல்லாப் பக்கமும் படமெடுப்பார். பிறகு குறைந்த அழுத்தத்தில் உப்பு நீக்கிய தண்ணீர், அயனியற்ற மென்மையான சோப்பு, மெல்லிய தூரிகை. நன்றாக அலசி உலர்த்திய பின் உலோகத்தை இளஞ்சூடாக்கி நுண்படிக மெழுகை மெல்லிசாகப் பூசி, ஆறியதும் துணியால் மெருகேற்றுவார். நோய் கண்ட இடம் இருந்தால் மெழுகுக்கு முன்னால், செம்பு அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் கரைசல் கொடுப்பது வழக்கம். அது உடலுக்குக் கெடுதி, கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் தொடக் கூடாது. மெழுகு இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் தெளித்தால் போதும். முத்து முத்தாக உருண்டால் இருக்கிறது, பரவி நனைத்தால் போய்விட்டது. கடலோரச் சிலைக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது மெழுகு வேண்டும்.

செய்யவே கூடாதவை: புளி, எலுமிச்சை, பித்தளைப் பாலிஷ், கம்பித் தூரிகை, கடலோரத்து ஆழ்குழாய்த் தண்ணீர். பூஜைக் குத்துவிளக்கைப் பளபளப்பாக்கும் முறையைச் சிலைக்குக் கொண்டுவரக் கூடாது. புளியின் அமிலம் காவலாக இருந்த களிம்பைக் கரைத்துவிடும், ஆழ்குழாய்த் தண்ணீர் புதிதாக உப்பைக் கொண்டுவந்து வைக்கும். தங்க நிறப் பெயிண்டும் அப்படித்தான். அதில் இருப்பது பித்தளைத் துகள், சில மாதத்தில் பழுப்பாகிவிடும். பிறகு அதன்மேல் இன்னொரு பூச்சு. நான்கைந்து பூச்சு ஏறியதும் இமையும் நகமும் துணி மடிப்பும் மழுங்கி, சிற்பியின் கை வேலை முழுதும் மறைந்துவிடும். பிறந்தநாள் விழாவுக்கு முன்னால் அவசரமாகப் பெயிண்ட் அடிப்பதில்தான் நம் ஊர்ச் சிலைகள் அதிகம் கெடுகின்றன.

பெயிண்ட் பூசிய சிலை சிமெண்டா வெண்கலமா என்று தெரிந்துகொள்ள விரிசலைப் பாருங்கள். கை கால் நீளவாக்கில் நேராக ஒரு விரிசலும் அதில் துருக்கறையும் இருந்தால் சிமெண்டுதான். உள்ளே கம்பி துருவேறிப் பருத்து மேலே இருக்கும் பூச்சைப் பிளக்கிறது. எண்ணெய்ப் பெயிண்ட் ஈரத்தை வெளியே விடாமல் அடைப்பதால் இது இன்னும் வேகமாகும்.

மாணவர்கள் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் நிலைக் குறிப்பு எடுக்கட்டும். ஒரே தூரத்தில் நான்கு திசையிலிருந்தும் படம், அளவுக்கு ஒரு அடிக்கோல், தேதி, கறை எந்தப் பக்கம் என்ற ஒரு வரி. அதை மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கொடுத்து, எந்தச் சிலையை யார் பராமரிக்கிறார்கள் என்றும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் நின்று எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டால் எது பெருகுகிறது என்று தெரியும்.

சுவர்ப்பூச்சு பதில்:

சுவரோவியத்தில் உங்கள் வழியில் வருவது நேப்பியர் பாலம் மட்டும்தான். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாடுக்காகப் பாலம் முழுவதும் கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டமாக வர்ணம் பூசினார்கள். அது ஒரு வரி போதும். 2020இல் தொடங்கிய கண்ணகி நகர் ஓவியங்களுக்குத் தனி நடை வைக்க வேண்டும். அது நகரின் மற்றப் பகுதிகளிலிருந்து மாற்றப்பட்ட மக்கள் குடியிருக்கும் இடம், அந்த மறுகுடியமர்வின் வரலாற்றைச் சொல்லாமல் சுவரை மட்டும் படமெடுத்துவிட்டு வருவது சரியில்லை.

குறிப்பில் எழுதும்போது பார்த்த தேதியைப் போடுங்கள். வெளிச்சுவர் அக்ரிலிக் ஓவியம் கடலோரத்தில் வெகுநாள் நிற்காது. சிவப்பும் மஞ்சளும் வெயிலில் முதலில் வெளுக்கும். அடியில் உப்புப் பூத்தால் வர்ணம் தோலாக உரியும். புதுப் பூச்சு ஈரமும் காரமும் அடங்க 28 நாளாவது விடாமல் வரைந்தாலும் இதே கதிதான். நீங்கள் ‘இருக்கிறது’ என்று அச்சடித்தது நடை அன்று இல்லாமலும் போகலாம்.

வழித்துணை:

எல்லோருக்கும் நன்றி. கழுவும் திட்டத்தை நிறுத்தியாயிற்று, நிலைக் குறிப்பு எடுக்கிறோம். இரண்டு கேள்விகள் மிச்சம். 1968 சிலைகள் மொத்தம் யார் யாருடையவை? பிறகு, உழைப்பாளர் சிலைக்கு எப்படி எழுதுவது? நடையின் நடுவில் அதிக நேரம் அங்கேதான் நிற்கப் போகிறோம்.

ஏட்டுக்கட்டு பதில்:

1968 ஜனவரியில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்தவை பத்து: திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், ஜி.யு. போப், கால்டுவெல், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி. கடற்கரையில் இருக்கும் மற்றச் சிலைகளை இந்தப் பட்டியலில் கலந்துவிடாதீர்கள். காமராஜர், நேதாஜி எல்லாம் இந்தத் தொகுதியில் சேராது. பத்துப் பேரில் மூவர் கடல் கடந்து வந்தவர்கள்: இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், கனடாவில் பிறந்த போப், அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல். ஒருவர் காப்பியப் பாத்திரம். பக்கத்தில் பல்கலைக்கழகச் செனட் ஹவுஸ் முன்னால் உட்கார்ந்திருக்கும் விக்டோரியா ராணியையும் பார்த்துவிட்டு இவர்களிடம் வாருங்கள். அங்கே ஆட்சி தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது, இங்கே ஒரு மொழி தனக்கு உழைத்தவர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

உழைப்பாளர் சிலைக்கு இப்படி எழுதலாம்:

‘சிற்பி: தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியின், இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின், தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் (1929–1957). நிறுவியது: 1959 ஜனவரி 25. வெண்கலம். பாறையை நெம்பித் தள்ளும் நான்கு பேர். இதே சிற்பியின் மற்றப் படைப்புகள்: மெரினா காந்தி சிலை (1959), பாட்னா தியாகிகள் நினைவுச் சின்னம், புது தில்லியில் தண்டி யாத்திரையைக் காட்டும் பதினோரு உருவச் சிலை.’

அதோடு, இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் சிங்காரவேலர் கொண்டாடியது இதே நகரின் கடற்கரையில் என்பதையும், அன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர் நீதிமன்றத்துக்கு எதிரேயும் கூட்டங்கள் நடந்ததையும் ஒரு வரியில் சேருங்கள்.

சொல்லிக்கொடுக்கும் முன் சிலையை முழுதாக ஒரு சுற்று வரச் சொல்லுங்கள். ஒரே பக்கம் நின்று படமெடுப்பவர்களுக்கு நான்கு பேரின் எடையும் எந்தத் திசையில் விழுகிறது என்று தெரியாது. ஊன்றிய காலிலிருந்து முதுகு வழியாகத் தோள் வரை தசை எப்படி இறுகுகிறது என்று பின்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பிறகு காந்தி சிலைக்குப் போனதும் அதே கேள்வியைக் கேளுங்கள்: இங்கே எடை எந்தக் காலில்? ஒரே சிற்பி, ஒரே ஆண்டில் திறந்த இரண்டு சிலைகள். நடப்பவரின் உடலையும் தள்ளுபவரின் உடலையும் எப்படி வேறுபடுத்தினார் என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

கோட்டைவாசல் பதில்:

நேரத்தை மாற்றுங்கள். மெரினாச் சிலைகளில் பெரும்பாலானவை கடலுக்கு முதுகைக் காட்டிச் சாலையைப் பார்த்து நிற்கின்றன. காலையில் சூரியன் அவற்றின் பின்னால் இருக்கும், முகம் இருட்டாகத் தெரியும். கோட்டை அருங்காட்சியகமும் காலை 9 மணிக்குத்தான் திறக்கும், மாலை 5க்கு மூடும், வெள்ளிக்கிழமை விடுமுறை. பிற்பகல் 3 மணிக்கு மன்றோ, 3:30க்குக் கோட்டை, 4:30க்கு வெளியே வந்து நேப்பியர் பாலம், 5க்கு உழைப்பாளர் சிலை என்று வைத்தால் மேற்கு வெயில் சிலைகளின் முகத்தில் விழும். டிசம்பரில் ஆறு மணிக்குள் இருட்டிவிடும் என்பதால் அந்த மாதம் அரை மணி முன்னதாகத் தொடங்குங்கள். கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் ராணுவமும் இருப்பதால் வாயிலில் சோதனை உண்டு. முப்பது பேரின் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கல்லூரி முத்திரையோடு எடுத்துப் போனால் வாயிலில் நேரம் மிச்சமாகும்.